பழைய பைப் புகையிலை: கலவையின் ருசி எது, காலத்தின் ருசி எது?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் கைமாறும்போது பழைய பங்களாவின் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். பீங்கான் கோப்பை, பித்தளை விளக்கு, தேக்கு நாற்காலி எல்லாவற்றையும் வாங்க ஆள் உண்டு. அவற்றோடு சில சமயம் ஒரு வட்டத் தகர டின்னும் வெளியே வரும். மூடி திறக்காமல் பல வருஷம் கிடந்த பைப் புகையிலை. அதைச் செய்த கம்பெனி இப்போது இருக்காது, அல்லது அந்தக் கலவையை நிறுத்தியிருக்கும். டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: "இது கெட்டுப் போயிருச்சுங்களா?" "நல்ல சரக்குதானுங்களா?"

முதல் கேள்விக்குக் கண்ணும் மூக்கும் போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காக.

நிறுத்தப்பட்ட ஒரு கலவையை இன்று ருசிக்கும்போது இரண்டு ருசிகள் சேர்ந்து வருகின்றன. எந்த இலையை எந்த அளவில் சேர்த்தார்கள் என்பதால் வரும் ருசி ஒன்று. அந்த இலை டின்னுக்குள் அடைந்து கிடந்த வருஷங்களால் வந்த ருசி மற்றொன்று. சேலத்து மாங்காயில் ஊறுகாய் போட்டு, ஒரு ஜாடியை அடுத்த வாரமே திறந்தும் இன்னொன்றை மறு வருஷம் திறந்தும் பாருங்கள். காய், உப்பு, காரம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் நாக்கில் இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது ஜாடியை மட்டும் ருசித்தவர் "இந்த வீட்டுக் கைப்பக்குவமே இப்படித்தான்" என்று முடிவு செய்தால் அது பாதிதான் சரி. பழைய புகையிலை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வயதால் வந்த மென்மையைக் கலவையின் பெருமையாக எழுதுகிறார்கள். வயதால் போன வாசனையைக் கலவையின் குறையாக எழுதுகிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் உண்மையானது. நிகோட்டின் பழக்கமாகும். இதுவரை புகைக்காதவர், ஒரு பழைய டின் கிடைத்தது என்பதற்காகத் தொடங்க வேண்டாம். ஒரு டின்னைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பகுதியைப் பற்ற வைக்காமலேயே அறிந்துவிடலாம். அதனால் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

டின்னுக்குள் என்ன இலை?

பைப் புகையிலையில் அடிப்படை இலை வகைகள் சிலதான். அவற்றைத் தெரிந்துகொண்டால் பழைய டின்னில் எது மாறியிருக்கும், எது மாறாது என்று ஊகிக்கலாம்.

வர்ஜீனியா இலையைப் புகை படாமல், சூடான காற்று ஓடும் கொட்டகையில் பதப்படுத்துவார்கள். இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். நம் நாட்டில் குண்டூரிலும் மைசூர்ப் பக்கமும் விளைவது இந்த வகை. பர்லி நிழலில் காற்றாட உலர்ந்தது. உலர்வதற்குள் அதன் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கப் போய்விடும். அதனால் வேர்க்கடலைத் தோல் போன்ற வறண்ட ருசி. மேலே தெளிக்கும் வாசனைச் சாறுகளை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஓரியண்டல் என்பது துருக்கி, கிரீஸ் பக்கத்துச் சின்ன இலை. வெயிலில் உலர்ந்தது. புளிப்பும் லேசான உப்பும் ஊதுபத்தி மணமும் கொண்டது.

லட்டாக்கியா வேறு ரகம். சிரியாவின் துறைமுக ஊர்ப் பெயரைக் கொண்ட இது, ஓரியண்டல் வகை இலையை விறகுப் புகையில் நெடுநாள் கட்டித் தொங்கவிட்டு எடுப்பது. கரிய நிறம், விறகடுப்பு வாடை. யாழ்ப்பாணத்தில் வாய்ப் புகையிலையைத் தென்னை மட்டை மூட்டத்தில் பதம் செய்வார்கள் என்று கேள்விப்பட்டவர்களுக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது. சிரியாவிலும் சைப்ரஸ் தீவிலும் இது தயாரானது. பழைய ஆங்கிலக் கலவைகள் பலவற்றில் இருந்த சிரிய லட்டாக்கியா இப்போது சந்தையில் கிடைப்பதில்லை. இன்றைய கலவைகளில் இருப்பது சைப்ரஸ் சரக்கு. கடைசியாக, அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் செய்யும் பெரிக். இலையை மரப்பீப்பாயில் அழுத்தி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. மிளகுக் காரமும் அத்திப்பழ மணமும் சேர்ந்து வரும்.

இவற்றில் காலத்தால் அதிகம் தேறுவது வர்ஜீனியா. டின்னுக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றிலுள்ள ஆக்சிஜன் செலவானபின், இலையின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல மெல்லச் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் மாற்றுகின்றன. மஞ்சள் இலை பழுப்பாகும், பழுப்பு இலை கருக்கும். வைக்கோல் மணம் உலர்திராட்சையாகவும் பேரீச்சையாகவும் திரும்பும். பெரிக் ஏற்கெனவே புளித்தது என்பதால் கலவையோடு கலந்து தணியும். பர்லியில் சர்க்கரை இல்லாததால் பெரிய மாற்றம் இருக்காது. லட்டாக்கியா வருஷம் போகப் போக மங்கும். முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்த லட்டாக்கியாக் கலவைகளைப் பலர் கொண்டாடுகிறார்கள். என் கணிப்பில் அவற்றில் மிஞ்சுவது இதமான ஒரு கலவை மணம்தான். செய்தவர் நினைத்த புகை வீரியம் அதில் இருக்காது. வர்ஜீனியாவுக்குக் காத்திருக்கலாம், லட்டாக்கியாவுக்குக் காத்திருப்பதில் லாபம் குறைவு என்பது என் பக்கம்.

ஒரே பெயர், வெவ்வேறு புகையிலை

"நிறுத்தப்பட்டது" என்ற சொல்லை நம்புவதற்கு முன் எந்தக் காலத்து டின் என்று பார்க்க வேண்டும். பெயர் மாறாமல் உள்ளே சரக்கு மாறிய கதைகள் இத்துறையில் நிறைய.

டன்ஹில்லை எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். 'மை மிக்ஸ்சர் 965', 'நைட்கேப்', 'எர்லி மார்னிங் பைப்' எல்லாம் அந்தப் பெயரில் உலகம் சுற்றியவை. 1980களின் தொடக்கத்தில் தயாரிப்பு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த மர்ரே நிறுவனத்துக்குப் போனது. 2000களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்லிக்குக்குப் போனது. 2018இல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவது நின்றது. பிறகு அதே கலவைப் பெயர்கள் பீட்டர்சன் என்ற முத்திரையோடு மறுபடி கடைக்கு வந்தன. ஆக, 'நைட்கேப்' என்று எழுதிய டின் ஒன்று கையில் இருந்தால், அது லண்டன் காலமா, பெல்ஃபாஸ்ட் காலமா, டென்மார்க் காலமா என்பது தெரியாமல் ருசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

'த்ரீ நன்ஸ்' இன்னும் தெளிவான உதாரணம். கிளாஸ்கோவின் பெல் நிறுவனம் செய்த பழைய கலவையில் வர்ஜீனியாவோடு பெரிக் இருந்தது. பிற்காலத்தில் டென்மார்க்கின் மேக் பேரன் செய்ததில் பெரிக் இல்லை, விறகுத் தீயில் உலர்த்தும் கென்டக்கி இலை அந்த இடத்துக்கு வந்தது. காசு வட்டம் போல் சுருட்டி வெட்டிய வடிவம் மட்டும் அதே. லண்டனின் 'பால்கன் சோப்ரனி'யும் அப்படித்தான். அதன் புகழ் லட்டாக்கியாவால் வந்தது. பின்னாளில் அதே பெயரில் ஜெர்சி தீவின் ஜெர்மெய்ன் நிறுவனம் செய்தது நல்ல புகையிலைதான், ஆனால் பழையதை அளக்கும் கோல் அல்ல.

டின்னின் வயதைக் கண்டுபிடிக்க நம் ஊரிலேயே சில நல்ல தடயங்கள் உண்டு. வெளிநாட்டு டின்களிலும் இங்குள்ள கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டோ முத்திரையோ இருக்கும். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம், ஏனென்றால் அந்த வருஷம்தான் தசம நாணயம் வந்தது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவே. கடை முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'மெட்ராஸ்' என்பது 1996 வரை நீளும் என்பதால் அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. பட்டைக் கோடு (பார்கோடு) அச்சாகியிருந்தால் 1970களின் நடுப்பகுதிக்கு முன்னால் போக முடியாது. படத்தோடு கூடிய சுகாதார எச்சரிக்கை இந்தியாவில் 2009 மே கடைசியில்தான் கட்டாயமானது. இவற்றில் இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒத்துப்போனால் காலம் பிடிபட்டுவிடும். டின்னைத் துடைக்கிறேன் என்று அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

மலையில் கிடந்த டின், ஊரில் கிடந்த டின்

வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் அதிகம் வராத ஒன்று இது. நமக்கு மிகவும் முக்கியம். டின் எங்கே இருந்தது?

சேலத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்த டின் அதைவிட அதிகச் சூட்டையும் பார்த்திருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் கோடையிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். சூடு கூடினால் டின்னுக்குள் நடக்கும் மாற்றங்களும் வேகமாகும். ஒரே வருஷத்தில் அடைத்த இரண்டு டின்களில் ஒன்று செவ்வாய்ப்பேட்டையிலும் மற்றது மலையிலும் இருந்தால், ஊரில் இருந்தது கறுத்து, வெல்லம் கருகிய வாடையோடு தட்டையாகிப் போயிருக்கும். மலையில் இருந்தது நிதானமாகப் பழுத்திருக்கும்.

ஆனால் மலைக்கு வேறொரு தொல்லை உண்டு. பனியும் மழையும் தகரத்தை அரிக்கும். சேர்வராயன் மலையில் கிடைக்கும் டின்களில் முதலில் பார்க்க வேண்டியது துரு. மேலே சிவப்பாகப் படிந்த துரு பரவாயில்லை. விளிம்பிலும் அடிப்பக்க மடிப்பிலும் ஊசித் துளை விழுந்ததா என்று வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். துளை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போய்விட்டது, உள்ளே இருப்பது வயதான புகையிலை அல்ல, உலர்ந்த புகையிலை. காற்றை உறிஞ்சி அடைத்த வட்ட டின்னின் மூடி நடுவில் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். சில டின்கள் உள்ளே உண்டான வாயுவால் உப்பியும் இருக்கும். சாப்பாட்டு டின் உப்பினால் பயப்படுவது போல் இங்கே உடனே பயப்பட வேண்டியதில்லை, புளித்தல் நடந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். குலுக்கிப் பாருங்கள். சருகு உரசும் சத்தம் வந்தால் உலர்ந்துவிட்டது. மெத்தென்று ஒரே கட்டியாக அசைந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

திறந்த பிறகு

வட்ட டின்னின் விளிம்பில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் மூடி வரும். காற்று உள்ளே புகும் 'உஸ்' சத்தம் கேட்டால் அடைப்பு கெடவில்லை. மூக்கை உடனே உள்ளே விடாமல், ஒரு சாண் தள்ளி வைத்து முகருங்கள். அடைந்து கிடந்த வாயு முதலில் வெளியேறும். அது காரமாகவோ புளிப்பாகவோ இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் இயங்கி 2018இல் மூடிய மெக்லெலண்ட் நிறுவனத்தின் வர்ஜீனியா டின்களைத் திறந்தால் வினிகர் வாடை முகத்தில் அடிக்கும். தெரியாதவர் கெட்டுப்போனது என்று எறிந்துவிடுவார். அரை மணி காத்திருந்தால் அந்த வாடை அடங்கி, அடியில் பழ மணம் எழும்.

மணத்தை அடையாளம் காணப் பழகுவதற்கு வெளிநாட்டுச் சொற்பட்டியல் தேவையில்லை, நம் பக்கமே போதும். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் புது வெல்லமும் பழைய வெல்லமும் தரும் வாடையைத் தனித்தனியாக முகர்ந்து வையுங்கள். வயதான வர்ஜீனியாவின் இனிப்பு பழைய வெல்லத்தின் பக்கம் நிற்கும். ஆத்தூர்ச் சாலையில் ஜவ்வரிசி ஆலைகளைக் கடக்கும்போது வரும் புளித்த வாடையைத் தெரிந்தவருக்கு, தேவையில்லாத புளிப்பு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏற்காட்டு மிளகு, தோட்டத்தில் எரியும் சில்வர் ஓக் சுள்ளி, நனைந்த தோல் செருப்பு, பழம் புளி, கருப்பட்டி. இவற்றில் எது வருகிறது என்று எழுதினால் அது அடுத்தவருக்கும் புரியும். "அருமை", "உன்னதம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கொஞ்சம் செயற்கையான பூ மணமோ பாதாம் மணமோ தனித்து வந்தால், அது இலையின் மணமாக இருக்காது, மேலே தெளித்த சாறாக இருக்கும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1792இல் தொடங்கிய சாமுவேல் காவித் முதலானோரின் சில கலவைகளில் ரோஜா, ஜெரேனியம், டோன்கா விதை (வனிலா போல் மணக்கும் ஒரு விதை) மணங்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை. அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

இனி முதல் கேள்வி: கெட்டதா? இலையின் மேல் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் பூதக்கண்ணாடி எடுங்கள். பளபளக்கும் சிறு துகள்கள், உப்புக் கல் போல் முனை உடையவை என்றால் அவை இலையில் இருந்து வெளிவந்த படிகங்கள். பழைய வர்ஜீனியாவில் இது நல்ல அறிகுறி. பஞ்சு போல், நூல் நூலாக, சாம்பல் அல்லது பச்சை நிறத்தில் படர்ந்திருந்தால் பூஞ்சை. கூடவே நனைந்த கோணி வாடை வரும். பூஞ்சை கண்ட டின்னை, அது எவ்வளவு அரிதானதாக இருந்தாலும், எறிந்துவிட வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும்தானே என்று மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத இழைகள் மற்ற இடத்திலும் ஓடியிருக்கும், அதை எரித்து வாயில் வாங்கப் போகிறோம்.

ஈரப்பதத்தை விரலால் பார்க்கலாம். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், பொடியாக உதிர்ந்தால் வறட்சி, மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பதம். வறண்டதை மீட்க ஏற்காட்டுக்காரர்களுக்கு இயற்கையே உதவும். மழைக்காலத்தில் ஒரு தட்டில் பரப்பி, இரவு முழுக்க அறையில் வைத்தால் இலை தானாக நெகிழும். சேலத்தில் சித்திரை மாதம் அதே தட்டு சருகாகிவிடும். அங்கே கிண்ணத்தில் இலையைப் போட்டு, வாயைச் சுற்றி ஈரத் துணியை இலை மேல் படாமல் கட்டி, சில மணிக்கொரு முறை கிளறிவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடும் வழக்கம் பூஞ்சைக்கு அழைப்பு. ஒருமுறை முழுக்க உலர்ந்து போன இலையின் மென்மை திரும்பும், பறந்துபோன மணம் திரும்பாது. குறிப்பில் "மறுபடி ஈரமாக்கியது" என்று கட்டாயம் எழுத வேண்டும்.

ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்கு

ருசி பார்க்கப் போகிற பைப் பழைய மணம் எதையும் வைத்திருக்கக் கூடாது. நேற்று லட்டாக்கியா பிடித்த மரப் பைப்பில் இன்று வர்ஜீனியா பிடித்தால் இரண்டின் ருசியும் சேர்ந்துதான் வரும். சுட்ட களிமண் பைப் இந்த வேலைக்குச் சிறந்தது. சின்னக் கிண்ணம் (பைப்பில் புகையிலை நிரப்பும் குழி) போதும். அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்பி, காற்று தடையில்லாமல் வருகிறதா என்று முதலில் இழுத்துப் பாருங்கள். ஒருமுறை பற்ற வைத்து மேல் பரப்பைக் கருக்கி, அமுக்கி, மறுபடி பற்ற வையுங்கள். பிறகு நிதானம். வேகமாக இழுத்தால் எந்தக் கலவையும் நாக்கைச் சுடும், அதன் பழியைப் பழைய இலை மேல் போடக் கூடாது. முன்னால் ஒரு மணி நேரம் காபியோ காரமோ வேண்டாம், பக்கத்தில் வெறும் தண்ணீர். தலை சுற்றி, குளிர்ந்து வியர்த்தால் நிகோட்டின் அதிகமாகிவிட்டது, உடனே நிறுத்தி இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.

கிண்ணத்தின் மேல்பகுதி, நடு, அடி மூன்றும் வேறு வேறு ருசி தரும். மேல்பகுதியில் தெளித்த சாறும் எளிதில் பறக்கும் மணங்களும் வந்து முடிந்துவிடும். கலவையின் உண்மையான எலும்பு நடுப்பகுதியில் தெரியும். மூக்கு வழியாகக் கொஞ்சம் புகையை விட்டால் பெரிக்கின் மிளகுக் காரமும் ஓரியண்டலின் ஊதுபத்தி மணமும் நன்றாகப் பிடிபடும். வீரியம் என்பது வேறு, ருசியின் கனம் என்பது வேறு என்பதையும் கவனியுங்கள். தலையைச் சுற்ற வைக்கும் கலவை நாக்கில் ஒன்றுமில்லாமல் இருக்கலாம்.

சரி, கலவையையும் காலத்தையும் எப்படிப் பிரிப்பது? நான் நம்பும் வழி ஒன்றே. பழைய டின்னின் இலை அமைப்பை ஒத்த, அண்மையில் செய்த ஒரு கலவையை வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் அதே பைப்பில் பார்ப்பது. அதே பெயருள்ள புதுப் பதிப்பு கட்டாயமில்லை, இலை வகை ஒத்திருப்பதே முக்கியம். இரண்டிலும் பொதுவாக வருவது இலையின் ருசி. பழையதில் மட்டும் கூர்மை தேய்ந்து, ருசிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, உலர்பழ இனிப்பு நின்றால் அது பெரும்பாலும் வயது. பழையதில் மட்டும் உப்பு, புளிப்பு, காரம் போன்ற தனிக் குணம் ஒன்று தெளிவாக நின்றால் அது கலவை செய்தவரின் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் காலம் ருசிகளை மழுக்குமே தவிர, புதிதாகக் கூர் தீட்டுவது அபூர்வம். நண்பர் ஒருவரை நிரப்பித் தரச் சொல்லி, எது எது என்று தெரியாமல் பார்த்தால் இன்னும் நல்லது. விலையும் பெயரும் நாக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பது அப்போதுதான் தெரியும்.

குறிப்பில் இருக்க வேண்டியவை: டின்னின் காலம், எந்தத் தடயத்தால் அந்த முடிவு, எங்கே கிடந்தது, அடைப்பின் நிலை, திறந்ததும் வந்த மணம், அரை மணி கழித்து வந்த மணம், ஈரம், பிறகுதான் ருசி. கடைசியில் "கலவை" என்று ஒரு பத்தியும் "வயது" என்று ஒரு பத்தியும் தனியாக எழுதுங்கள். எதில் போடுவது என்று தெரியாத ருசி ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும், அவற்றை அப்படியே விட்டுவைக்கலாம்.

மிச்சமுள்ள இலையைத் தகர டின்னிலேயே மூடி வைக்காதீர்கள், திறந்த அடைப்பு மறுபடி இறுகாது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியில், காற்றுக்கு இடம் குறைவாக அமுக்கி நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஜாடியில் கலவையின் பெயர், டின்னின் காலம், திறந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மலையில் வீடு இருப்பவர்களிடம் கொடுத்து வைப்பது சேலத்து வீட்டுப் பரணைவிட எவ்வளவோ மேல்.